சேர்க்கைப் பதிவேட்டின் கடைசிக் கட்டம்

"பள்ளிக்கூடத்துக்கு நூறு வயசு ஆகுது சார். மலர் ஒண்ணு போடணும். நீங்கதானே வரலாற்று வாத்தியார், வரலாற்றை எழுதிக் கொடுங்க" என்று தலைமையாசிரியர் கேட்டபோது, இரண்டு வாரத்தில் முடித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். பதினோரு மாதம் ஆனது. அந்தப் பதினோரு மாதத்தில் கற்றுக்கொண்டதை எழுதி வைக்கிறேன். தங்கள் ஊர் அரசுப் பள்ளியின் கதையைத் தொகுக்க நினைக்கும் யாருக்காவது பயன்படும்.

திருநெல்வேலிச் சீமையில் ஒரு நகராட்சி ஊர் எங்களுடையது. ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அந்தப் பள்ளியில்தான் படித்தேன். பிறகு வேறு ஊர்களில் வேலை பார்த்துவிட்டு, 2003ல் மாறுதல் வாங்கி அங்கேயே முதுகலை ஆசிரியராக வந்து, அங்கேயே ஓய்வும் பெற்றேன். பள்ளியைப் பற்றித் தெரியாதது என்ன இருக்கப்போகிறது என்ற எண்ணம் எனக்கு இருந்தது உண்மை.

முதல் நாள் தலைமையாசிரியர் அறைச் சுவரில் இருக்கும் கறுப்புப் பலகையிலிருந்து தொடங்கினேன். இதுவரை இருந்த தலைமையாசிரியர்களின் பெயர்கள் வெள்ளை எழுத்தில் வரிசையாக இருக்கும். அதை நகலெடுத்தேன். கட்டடங்களில் பதித்திருக்கும் கல்வெட்டுகளைப் பார்த்து, எந்த அமைச்சர் எப்போது திறந்தார் என்று குறித்தேன். ஒரு காலைப்பொழுதில் எல்லாம் முடிந்தது. நாலு பக்கம் தேறியது. அந்த நாலு பக்கத்தில் ஒரு பிள்ளைகூட இல்லை என்பது வீட்டுக்கு வந்து படித்துப் பார்த்தபோதுதான் உறைத்தது.

மறுநாள் அலுவலக இளநிலை உதவியாளரிடம் கேட்டேன். பழைய பதிவேடுகள் எங்கே? பயன்பாட்டில் இல்லாத அறிவியல் ஆய்வகத்தில் ஒரு இரும்பு பீரோவும் இரண்டு மரப்பெட்டிகளும் இருந்தன. சாவி கிடைக்கவே மூன்று நாள் ஆனது.

முதலில் நடைமுறை விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன். சேர்க்கைப் பதிவேடு நிரந்தர ஆவணம். ஐம்பது வருடத்துக்கு முன்னால் படித்தவர் இன்றைக்கு வந்து மாற்றுச் சான்றிதழின் நகல் கேட்டாலும், அந்தப் பதிவேட்டைப் பார்த்துத்தான் கொடுத்தாக வேண்டும். அதனால் வாய்வார்த்தையாக அனுமதி வாங்கிக்கொண்டு வேலையைத் தொடங்காதீர்கள். தலைமையாசிரியரிடம் எழுத்தில் வாங்குங்கள். எவ்வளவு நெருங்கியவராக இருந்தாலும் பதிவேட்டை வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. நான் அந்த அறையிலேயே ஒரு மேசை போட்டுக்கொண்டேன்.

கரையான் ஒரு பெட்டியை அடியோடு தின்றிருந்தது. மற்றவற்றில் ராமபாணப் பூச்சி ஊசி ஊசியாக ஓட்டை போட்டிருந்தது. பெயிண்ட் அடிக்கும் புது பிரஷ் ஒன்றை வாங்கி, தாளின் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி மெதுவாகத் தூசியைத் தள்ளினேன். ஈரத்துணி கூடவே கூடாது. கிழிசலைப் பார்த்தால் செல்லோ டேப் ஒட்டக் கை துறுதுறுக்கும், ஒட்டாதீர்கள். யாரோ பல வருடங்களுக்கு முன் நல்ல எண்ணத்தில் ஒட்டிய டேப் மஞ்சளாகி, பசை எழுத்தின் மேலேயே படிந்து, அந்த வரிகளைப் படிக்கவே முடியவில்லை. லேமினேஷனும் அப்படித்தான், ஒருமுறை செய்துவிட்டால் திரும்ப எடுக்க வழி கிடையாது. ஜெராக்ஸ் எடுக்கப் பதிவேட்டைக் குப்புறப் போட்டு அமுக்கினால் தையல் விட்டுப்போகும். ஜன்னல் பக்கம் மேசையைப் போட்டு, காலை பத்து மணி வெளிச்சத்தில், செல்போனைத் தாளுக்கு நேராகப் பிடித்துப் படம் எடுத்தேன். ஒவ்வொரு படத்திலும் பதிவேட்டு எண்ணும் பக்க எண்ணும் எழுதிய துண்டுச்சீட்டு தெரிகிற மாதிரி வைத்தேன். முதல் வாரம் சீட்டு வைக்காமல் எடுத்த முந்நூறு படங்களை மறுபடி எடுக்க வேண்டியதாயிற்று.

பள்ளியின் வயது அடுத்த சிக்கல். கல்வெட்டில் ஒரு வருடம் இருந்தது. சேர்க்கைப் பதிவேட்டின் முதல் வரி அதற்கு முந்தைய வருடத்தைக் காட்டியது. ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இரண்டுமே தப்பு என்றார். குழப்பம் தீர ஒரு மாதம் பிடித்தது. பழைய அரசுப் பள்ளி ஒவ்வொன்றுக்கும் மூன்று பிறந்தநாள் இருக்கும் என்பதை அப்போதுதான் புரிந்துகொண்டேன். நடுநிலைப் பள்ளியாகவோ திண்ணைப் பள்ளியின் தொடர்ச்சியாகவோ தொடங்கிய நாள் ஒன்று. உயர்நிலைப் பள்ளியாகத் தரம் உயர்ந்த நாள் ஒன்று. சொந்தக் கட்டடத்தில் நுழைந்த நாள் ஒன்று. தரம் உயரும்போது சேர்க்கை எண்ணை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவதும் உண்டு. அதனால் 'சேர்க்கை எண் 1' என்று பார்த்ததும் இவர்தான் முதல் மாணவர் என்று எழுதிவிடாதீர்கள். நாங்கள் மலரில் மூன்றையும் போட்டோம். எதைக் கொண்டாடுகிறோம் என்றும் தெளிவாக எழுதினோம்.

முகப்பு வளைவில் சுண்ணாம்பைச் சுரண்டியபோது 'ஜில்லா போர்டு ஹைஸ்கூல்' என்ற எழுத்துகள் அடியில் தெரிந்தன. எங்கள் ஊர்ப் பெரியவர்கள் இன்றும் 'போர்டு ஸ்கூல்' என்றுதான் சொல்வார்கள். மாவட்ட அளவில் பள்ளிகளை நடத்திவந்த ஜில்லா போர்டுகள் 1950களின் இறுதியிலேயே கலைக்கப்பட்டுவிட்டன. பெயர் மட்டும் வாயில் நிலைத்துவிட்டது. உங்கள் ஊரிலும் போர்டு ஸ்கூல், முனிசிபல் ஸ்கூல் என்று யாராவது சொன்னால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள், பழைய கோப்புகளை எந்த அலுவலகத்தில் தேட வேண்டும் என்பதற்கு அதுதான் துப்பு. சென்னை எழும்பூரில் இருக்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்குப் போகும் எண்ணம் இருந்தால், பள்ளியின் பழைய பெயர், பழைய ஜில்லாவின் பெயர், தோராயமான வருடம் மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு போங்கள். அது இல்லாமல் போனால் நாள் வீணாகும்.

இப்போது பதிவேட்டுக்கு வருகிறேன். இந்த வேலையில் எனக்குக் கிடைத்த எல்லாமே அதிலிருந்துதான் கிடைத்தது.

பெரிய தாள், இரண்டு பக்கமும் சேர்த்து ஒரே வரி. சேர்க்கை எண், மாணவர் பெயர், தகப்பனார் அல்லது பாதுகாவலர் பெயர், தொழில், இருப்பிடம், மதம், சாதி, பிறந்த தேதி, முன்பு படித்த பள்ளி, சேர்ந்த வகுப்பு, நீங்கிய தேதி, நீங்கிய வகுப்பு, நீங்கிய காரணம். ஆரம்பப் பதிவேடுகள் முழுக்க ஆங்கிலம். பின்னால் பெயர் மட்டும் தமிழுக்கு வருகிறது, அப்புறம் தலைப்புகளும் வருகின்றன.

பிறந்த தேதியை நம்பாதீர்கள். ஒரே பக்கத்தில் பாதிப் பேர் மே, ஜூன் மாதத்தில் பிறந்திருப்பார்கள். கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் மறுபக்கக் காதைத் தொடச் சொல்லி, தொட்டால் ஒன்றாம் வகுப்பில் சேர்த்து, வயது சரியாக வருகிற மாதிரி ஒரு தேதியை வாத்தியாரே எழுதிக்கொண்ட காலம் அது. என் தேதியும் அப்படி வந்ததுதான். அம்மா சொன்ன மாதம் மார்கழி, சான்றிதழில் இருப்பது ஜூன்.

தொழில் கட்டம் அப்படியில்லை. விவசாயம், நெசவு, கொத்துவேலை, பலசரக்குக் கடை, கூலி என்று ஊரின் பிழைப்பு வருடத்துக்கு வருடம் எப்படி மாறியது என்பது அதில் தெரிகிறது. எங்கள் பகுதியில் ஒரு கட்டத்திலிருந்து 'பீடி' என்ற ஒற்றைச் சொல் பக்கம் பக்கமாக வரத் தொடங்கும். பிள்ளைகள் பாதியில் நின்றதற்கும் அதற்கும் உள்ள தொடர்பை நான் வேறெங்கும் தேட வேண்டியிருக்கவில்லை.

கடைசிக் கட்டம்தான் என்னை உட்கார வைத்தது. நீங்கிய காரணம்.

எஸ்.எஸ்.எல்.சி. முடித்தவர்களுக்கு 'படிப்பு முடிந்தது'. ஊர் மாறியவர்களுக்கு 'பெற்றோர் இடமாற்றம்'. மற்றவர்களுக்கு? பழைய பதிவேடுகளில் 'ஸ்ட்ரக் ஆஃப்', அதாவது பெயர் நீக்கம் என்று சிவப்பு மை. பிந்தையவற்றில் 'நீண்ட நாள் வராமை', 'தொடர் வருகையின்மை', 'குடும்பக் காரணம்'. எட்டாம் வகுப்பிலும் ஒன்பதாம் வகுப்பிலும் அந்தச் சொற்கள் கொத்துக் கொத்தாக இருக்கும். எங்கள் பள்ளி அப்போது இருபாலர் பள்ளி. பெண்கள் பள்ளி பின்னால்தான் தனியாகப் பிரிந்தது. ஆறாம் வகுப்பில் சேர்ந்த பெண் பிள்ளைகளின் பெயர்களை விரலால் தொட்டுக்கொண்டே வலது பக்கம் போனால், பத்தாம் வகுப்பு வரை போய்ச் சேருகிற வரிகள் சொற்பம்.

ஏழாவது பதிவேட்டைப் புரட்டும்போது என் கையெழுத்தைப் பார்த்தேன். 2006. ஒன்பதாம் வகுப்புக்கு நான் வகுப்பாசிரியர். ஒரு பையனின் பெயருக்கு நேரே 'நீண்ட நாள் வராமை' என்று நானே எழுதியிருக்கிறேன். தேர்ச்சி விழுக்காடு குறைகிறது என்று கூட்டத்துக்குக் கூட்டம் கேள்வி கேட்பார்கள். படிக்கச் சிரமப்படுகிற பிள்ளை வராமல் போனால் தேடிப் போவதில் ஒரு சுணக்கம் இருக்கும். எனக்கும் இருந்தது. அந்தப் பையன் இப்போது திருப்பூரில் வேன் ஓட்டுகிறான். அவனுடைய சித்தப்பாவிடம் எண் வாங்கிப் பேசினேன். அப்பாவுக்குக் காசநோய் வந்து ஆஸ்பத்திரியில் இருந்ததாகச் சொன்னான். பிறகு, "நீங்க வருவீங்கன்னு ரெண்டு நாள் வாசல்லயே பாத்தேன் சார்" என்றான். மனத்தாங்கலாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னான். எங்கள் தெருவிலிருந்து அவன் வீடு பத்து நிமிட நடை.

அன்றிலிருந்து மலரின் திட்டத்தையே மாற்றிக்கொண்டேன். தலைமையாசிரியர் பட்டியல் ஒரு பக்கம் போதும், மீதி எல்லாம் அன்றாடம்.

அன்றாடத்தைப் பதிவு செய்வது கல்வெட்டு படிப்பதைவிடக் கடினம். "அந்தக் காலத்துல பள்ளிக்கூடம் எப்படி இருந்துச்சு?" என்று கேட்டால் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள்: வாத்தியார்கள் நன்றாக நடத்தினார்கள், கண்டிப்பாக இருந்தார்கள், இப்போது அப்படி இல்லை. இதை எழுதி என்ன செய்வது? பத்துப் பேரிடம் இதே பதிலை வாங்கிய பிறகு கேட்கும் விதத்தை மாற்றினேன். கையில் ஒரு பொருளைக் கொண்டுபோனேன். பழைய குரூப் போட்டோ, மைக்கூடு, தண்டவாளத் துண்டின் படம். எங்கள் பள்ளி மணி ஒரு தண்டவாளத் துண்டு, வேப்ப மரத்தில் கம்பியால் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். அந்தப் படத்தைப் பார்த்ததும் எழுபத்தெட்டு வயது அண்ணாச்சி ஒருவர், எட்டாவது பீரியட் மணியை அடிக்கிற உரிமைக்கு மாணவர்களுக்குள் நடந்த போட்டி, மழை நாளில் ஈரக் கையோடு அடித்தால் கம்பி வழுக்குவது, மணி அடித்ததும் மாட்டு வண்டிக்காரர்கள் வண்டியை ஓரங்கட்டுவது என்று அரை மணி நேரம் பேசினார்.

அவரே இன்னொன்றும் சொன்னார். ஐந்தாம் எண் வகுப்பறையில் இருக்கும் நீள பெஞ்சைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள் என்றார். திருப்பினோம். அடியில் 'உபயம்' என்று எழுதி ஒரு பெயரும் ஊரும் இருந்தன. காமராசர் முதல்வராகவும் நெ.து. சுந்தரவடிவேலு பொதுக்கல்வி இயக்குநராகவும் இருந்தபோது, 1958 முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. ஊரார் கூடி, பள்ளிக்கு என்ன குறை என்று பட்டியல் போட்டு, பெஞ்சு, கரும்பலகை, கடிகாரம், நிலம் என்று அவரவரால் முடிந்ததைக் கொடுத்தார்கள். பாடப்புத்தகத்தில் நான் வருடா வருடம் காமராசர் காலத்தை நடத்தியவன். அந்த மாநாட்டின் சாட்சியாக இருக்கக்கூடிய பெஞ்சின் மேலேயே உட்கார்ந்து பரீட்சைத் தாள் திருத்தியிருக்கிறேன். பள்ளி வரலாறு தொகுப்பவர்களுக்கு என் முக்கியமான யோசனை இது: மேசை, பெஞ்சு, பீரோ, மணி, கடிகாரம் எல்லாவற்றையும் திருப்பிப் பாருங்கள்.

மதிய உணவு பற்றி நான் தேடியது தனிக்கதை. காமராசர் காலத்து மதிய உணவு தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு. நான் உயர்நிலைப் பள்ளியில் படித்த எழுபதுகளில் எங்களுக்குச் சாப்பாடு கிடையாது. தூக்குவாளி கொண்டுவருகிறவர்கள் வேப்ப மரத்தடியில் உட்காருவார்கள். பக்கத்துத் தெருக்காரர்கள் வீட்டுக்கு ஓடுவார்கள். சிலர் குழாயடியில் நின்றுவிட்டு மைதானத்துக்குப் போவார்கள். ஏன் சாப்பிடப் போகவில்லை என்று நாங்கள் கேட்டதில்லை. எம்.ஜி.ஆர். 1982 ஜூலை 1ல் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். 1984ல் அது பத்து முதல் பதினைந்து வயது வரையிலான பள்ளிப் பிள்ளைகளுக்கும் விரிந்தது.

இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த தகவல்தான். மரப்பெட்டியில் கிடைத்த இரண்டு பழைய வருகைப் பதிவேடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோதுதான் அது எனக்குப் பொருளானது. வருகைப் பதிவேட்டில் காலைக்கு ஒரு சாய்கோடு, மதியத்துக்கு எதிர்ப்பக்கம் ஒரு சாய்கோடு போடுவோம். முழு நாள் வந்தால் பெருக்கல் குறியாகிவிடும். 1984க்கு முந்தைய ஏழாம் வகுப்புப் பதிவேட்டில் பல பெயர்களுக்கு நேரே ஒற்றைக் கோடுகள். காலையில் வந்திருக்கிறார்கள், மத்தியானம் வீட்டுக்குப் போனவர்கள் திரும்பவில்லை. சத்துணவு வந்த பிறகான பதிவேட்டில் அந்த ஒற்றைக் கோடுகள் அரிதாகிவிட்டன. இரண்டே இரண்டு பதிவேடு, வேறு வேறு வகுப்பாசிரியர்கள். இதை வைத்துப் பெரிய முடிவு எதுவும் சொல்லிவிட முடியாது. மலரிலும் அப்படித்தான் எழுதினேன். ஆனால் அந்த இரண்டு பக்கங்களின் படத்தையும், பெயர்களை மறைத்து, எதிரெதிராக அச்சிட்டோம். மலரில் எல்லோரும் நின்று பார்த்த பக்கம் அதுதான்.

சத்துணவுக் கூடத்தில் முப்பது வருடம் சமைத்த அம்மா ஒருவர் ஓய்வுபெற்று மகள் வீட்டில் இருக்கிறார். மலர்க்குழுவில் யாருக்கும் அவரைப் பார்க்க வேண்டும் என்று தோன்றவில்லை, எனக்கும் முதலில் தோன்றவில்லை. போய்ப் பார்த்தேன். "முட்டை போடுற அன்னைக்கு உலையைக் கூடவே வைக்கணும் சார். அன்னைக்குன்னு பாத்து வராத பிள்ளையெல்லாம் வந்துரும்" என்றார். 1989ல் இரண்டு வாரத்துக்கு ஒன்று என்று வந்த முட்டை, பிறகு வாரத்துக்கு ஒன்று, மூன்று, ஐந்து என்று கூடியதை அவர் அரசாணையைப் பார்த்துச் சொல்லவில்லை. எத்தனை அடுக்கு முட்டை வண்டியிலிருந்து இறங்கியது என்ற கணக்கில் சொன்னார். எந்த வீட்டுப் பிள்ளை எந்த வருடம் ஒழுங்காகச் சாப்பிட்டது என்று அவருக்கு நினைவிருக்கிறது. வாட்ச்மேன், சமையலர், ஆயா, எதிரில் மிட்டாய்க் கடை வைத்திருந்தவர் எல்லோரையும் ஆசிரியர்களுக்கு முன்னால் பார்த்துவிடுங்கள். நாங்கள் வகுப்புக்குள் இருந்தோம், அவர்கள்தான் பள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மற்ற மாற்றங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1978ல் மேல்நிலை வகுப்புகள் வந்தன, பதினொன்றாம் வகுப்போடு முடிந்த எஸ்.எஸ்.எல்.சி. பத்தாம் வகுப்புக்கு இறங்கியது, கல்லூரியில் இருந்த பி.யு.சி. என்ற புகுமுக வகுப்பு போயிற்று. முதல் பிளஸ் டூ பொதுத்தேர்வு 1980ல், நான் அதற்கு அடுத்த வருடம் எழுதினேன். வேதியியல் ஆய்வகம் என்று ஒரு அறை; அதில் பிப்பெட் எண்ணி மூன்று. சைக்கிள் வந்தது, 2011ல் மடிக்கணினி வந்தது, சமச்சீர்க் கல்விப் புத்தகம் வந்தது. காலை வழிபாட்டுக் கூட்டத்தில் நீராருங் கடலுடுத்த, குறள், செய்தி வாசிப்பு, உறுதிமொழி என்ற வரிசை நான் மாணவனாக நின்றபோதும் ஆசிரியனாக நின்றபோதும் மாறவில்லை. வெயிலில் மயங்கி விழுகிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் வராந்தாவில் படுக்க வைப்பதும் மாறவில்லை. பெரும்பாலும் அது காலையில் சாப்பிடாமல் வந்த பிள்ளையாக இருக்கும். 2022ல் தொடங்கிய காலை உணவு ஐந்தாம் வகுப்பு வரைதான். உயர்நிலை வகுப்புகளுக்கும் அது வர வேண்டும் என்பது என் ஆசை.

பாதியில் நின்றவர்களைத் தேடிப் போனதைச் சொல்ல வேண்டும். நாலாவது பதிவேட்டில் 'குடும்பக் காரணம்' என்று எழுதப்பட்ட பெண்களில் எட்டுப் பேர் இன்னும் எங்கள் ஊரிலோ பக்கத்து ஊர்களிலோ இருந்தார்கள். அவர்களில் ஒரு அக்கா. எட்டாம் வகுப்பில் நின்றவர். நான் போய்க் கேட்டபோது, "அதெல்லாம் எதுக்கு தம்பி இப்போ" என்று டீ கொடுத்து அனுப்பிவிட்டார். அடுத்த வாரம் என் மனைவியை அழைத்துக்கொண்டு போனேன். பேச்சு போகிற போக்கைப் பார்த்துத் தண்ணீர் குடிக்கிற சாக்கில் வெளியே வந்து திண்ணையில் உட்கார்ந்தேன். அப்போதுதான் மனைவியிடம் சொன்னார். பள்ளியில் பெண் பிள்ளைகளுக்குக் கழிப்பறை இல்லை. மாதத்தில் நாலைந்து நாள் வீட்டில் இருந்துவிடுவாராம். திரும்பிப் போகும்போது கணக்கில் ரெண்டு பாடம் தாண்டியிருக்கும். பலகைக்கு முன்னால் நிற்க வைத்துக் கேட்பார்கள், ஏன் வரவில்லை என்று அத்தனை பையன்களுக்கு நடுவில் என்ன சொல்வது? ஒரு வருடம் பொறுத்தார். அப்புறம் போகவில்லை. "வீட்ல ஒரு காரணமும் கெடையாது. எங்கப்பா படிக்கச் சொல்லித்தான் அழுதாங்க" என்றாராம்.

இப்படிப்பட்ட தேடலுக்குப் பெண்கள் யாரையாவது கண்டிப்பாக அழைத்துப் போங்கள். நீங்கள் எழுந்து வெளியே போகவும் தயாராக இருங்கள்.

திரும்பி வந்து கட்டடக் கோப்புகளில் பெண்கள் கழிப்பறை எப்போது வந்தது என்று தேடினேன். அதற்குக் கல்வெட்டு கிடையாது. எந்த அமைச்சரும் ரிப்பன் வெட்டவில்லை. கடைசியில் ஒப்பந்தக்காரருக்குப் பணம் கொடுத்த பில்லில்தான் தேதி கிடைத்தது. அக்கா நின்று போய்ப் பதினாறு வருடம் கழித்து. மலரில் கட்டட வரலாற்றுப் பக்கத்தில், கலையரங்கத்துக்கு மேலே, அந்தத் தேதியைப் போட்டோம்.

இதையெல்லாம் மலரில் சேர்ப்பது சுலபமாக நடக்கவில்லை. வாழ்த்துரைக்கு எத்தனை பக்கம் என்பதில் தொடங்கி விளம்பரம் வரை பேச்சு நீண்டது. வரலாற்றுக்குப் பக்கம் ஒதுக்குவதை முதல் கூட்டத்திலேயே எண்ணிக்கையாகப் பேசித் தீர்மானத்தில் எழுத வைத்துவிடுங்கள். நான் அப்படிச் செய்யாததால் நாற்பது பக்கம் கேட்டு இருபத்தி நாலு வாங்கினேன்.

இன்னொரு தகராறு, முதல் நூறு மாணவர்களின் பதிவேட்டுப் பக்கங்களை அப்படியே படமாகப் போடலாம் என்று ஒருவர் சொன்னது. பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் ஒவ்வொரு பெயருக்கு நேராகவும் சாதி இருக்கிறது. தகப்பனார் தொழில் இருக்கிறது. நின்றுபோன காரணம் இருக்கிறது. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இந்த ஊரில் வாழ்கிறார்கள், கடை வைத்திருக்கிறார்கள், பெண் எடுத்துப் பெண் கொடுக்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. கோபப்பட்டுக் கொஞ்சம் சத்தமாகவே பேசிவிட்டேன். கடைசியில் பெயரும் சேர்ந்த வருடமும் மட்டும், குடும்பத்தாரைக் கேட்ட பிறகு போடுவது என்று முடிவானது. படங்களை வாட்ஸ்அப் குழுவில் போடச் சொல்லியும் கேட்டார்கள். அதற்கும் மறுத்தேன். படங்கள் இருக்கும் ஹார்ட் டிஸ்க் இரண்டு பிரதி, ஒன்று தலைமையாசிரியர் பீரோவில், ஒன்று என்னிடம்.

குரூப் போட்டோக்களைப் பற்றி ஒரு வார்த்தை. அட்டையின் கீழே 'அமர்ந்திருப்பவர்கள்', 'நிற்பவர்கள்' என்று பெயர் அச்சிட்டிருந்தால் அதிர்ஷ்டம். இல்லாவிட்டால் அந்த வருடத்து மாணவர்கள் இரண்டு பேரைத் தனித்தனியாகப் பார்த்து அடையாளம் கேளுங்கள், சேர்த்து உட்கார வைத்துக் கேட்டால் ஒருவர் சொன்னதற்கு மற்றவர் தலையாட்டிவிடுவார். இரண்டு பேர் சொன்னதும் பொருந்தினால் மட்டும் எழுதுங்கள். எழுதுவதையும் போட்டோவின் முதுகில் பேனாவால் எழுதாமல், தனித்தாளில் எழுதிச் சேர்த்து வையுங்கள். பேனா அழுத்தினால் முன்பக்கம் முகத்தில் தடம் விழும்.

விழா நாளில் மேடைக்குத் தள்ளி, பழைய ஆய்வக வாசலில் ஒரு மேசை போட்டுப் பதிவேடுகளை வைத்தோம். யார் வேண்டுமானாலும் தன் வரியைப் பார்க்கலாம், தன் வரியை மட்டும். அதற்கு ஒரு வழி செய்திருந்தேன். கெட்டி அட்டையில் ஒரே ஒரு வரி தெரிகிற அளவுக்கு நீளமாக ஜன்னல் வெட்டி, பக்கத்தின் மேல் வைத்துவிட்டேன். பெயரும் வருடமும் சொன்னால் முன்னாள் மாணவர்கள் இரண்டு பேர் தேடி எடுத்து, அட்டையை நகர்த்திக் காட்டுவார்கள். பத்து இருபது பேர் வருவார்கள் என்று நினைத்தோம். மேடையில் பேச்சு நடந்துகொண்டிருக்க, வரிசை வேப்ப மரம் வரை நின்றது. சேர்க்கை எண்ணை உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டு போனவர்கள் பலர்.

மேசையில் பதிவேட்டுக்குப் பக்கத்தில் ஒரு நீள நோட்டும் வைத்திருந்தோம். பதிவேட்டில் இருப்பதைத் திருத்த நமக்கு அதிகாரம் இல்லை. ஆனால் சேர்க்கை எண்ணைப் போட்டு, நீங்கிய காரணத்தை அவரவரே அந்த நோட்டில் எழுதலாம்.

அக்கா பேத்தியோடு வந்தார். பேத்தி பெண்கள் பள்ளியில் பிளஸ் ஒன் படிக்கிறாள். அட்டையை நகர்த்தியதும் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, தன் பெயரிலிருந்து விரலை வைத்து மெதுவாக வலது பக்கம் வந்தார். கடைசிக் கட்டத்தில் விரல் நின்றது. "ஆச்சி, நான் எழுதவா?" என்று பேத்தி பேனாவை எடுத்தாள். வேண்டாம் என்று வாங்கிக்கொண்டார். எழுதி முடிக்க நேரம் பிடித்தது. பின்னால் நின்றவர்கள் யாரும் அவசரப்படுத்தவில்லை.

இருப்புப் பதிவேட்டில் எண் போட்டு, அந்த நோட்டை இப்போது நாலாவது சேர்க்கைப் பதிவேட்டுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள்.